வருகிறார்கள், வாங்குவதில்லை: எதை முதலில் சரிசெய்வது?

தளத்துக்கு ஆட்கள் வருகிறார்கள். புள்ளிவிவரப் பக்கத்தைத் திறந்தால் வருகை மாதாமாதம் ஏறிக்கொண்டே போகிறது. ஆனால் பணம் கட்டி வாங்குபவர்களின் எண்ணிக்கை மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறது. கையில் ஒரு மாத அவகாசமும் கொஞ்சம் பணமும் இருக்கின்றன. அதை எதில் போடுவது?

இதற்கு ஆளுக்கொரு பதில் வைத்திருக்கிறார்கள். விளம்பரம் செய்பவர், இன்னும் விளம்பரம் கொடுங்கள் என்பார். வடிவமைப்பாளர், தளத்தைப் புதிதாகவே கட்டிவிடலாம் என்பார். மென்பொருள் விற்பவர், பாப்அப் வையுங்கள், சாட் வையுங்கள், இரண்டு வடிவங்களைக் காட்டி ஒப்பிடும் ஏ/பி டெஸ்ட் செய்யுங்கள் என்பார். எல்லோர் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அத்தனையையும் ஒரே மாதத்தில் செய்ய முடியாது. செய்தாலும் எது பலன் கொடுத்தது என்று பிறகு தெரியாது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பணம் கட்டும் பக்கத்தில் தொடங்குங்கள். அங்கிருந்து ஒவ்வொரு படியாகப் பின்னோக்கி முகப்புப் பக்கம் வரை வாருங்கள். புதிதாக ஆட்களை வரவழைக்கும் வேலையைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான தளங்கள் இதை அப்படியே தலைகீழாகச் செய்கின்றன.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்

ஒரு தளத்துக்கு மாதம் 10,000 பேர் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அதில் 4,500 பேர் ஏதாவது ஒரு பொருளின் பக்கத்தைத் திறந்து பார்க்கிறார்கள். 500 பேர் கார்ட்டில், அதாவது வாங்க எடுத்து வைக்கும் கூடையில், போடுகிறார்கள். 300 பேர் செக்அவுட்டை, அதாவது முகவரி கொடுத்துப் பணம் கட்டும் படியை, தொடங்குகிறார்கள். 120 பேர் பணம் கட்டி முடிக்கிறார்கள். மொத்தத்தில் வாங்குவோர் 1.2 விழுக்காடு.

இந்த ஒற்றை எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு எதுவும் முடிவு செய்ய முடியாது. வந்த 10,000 பேரில் வேலை காலியாக இருக்கிறதா என்று பார்க்க வந்தவர் இருப்பார். போன மாதம் வாங்கிவிட்டு உதவி எண்ணைத் தேடி வந்தவர் இருப்பார். போட்டி நிறுவனத்துக்காரர், பாடத்துக்காகக் குறிப்பெடுக்கும் மாணவர், மனிதரே இல்லாத பாட் நிரல்கள் என்று பலவும் கலந்திருக்கும். இவர்கள் யாரும் வாங்கப் போவதில்லை. அதனால் எந்தப் படியில் எத்தனை பேர் கழிகிறார்கள் என்றுதான் பார்க்க வேண்டும்.

இப்போது மூன்று வழிகளை அருகருகே வைத்துப் பாருங்கள். விளம்பரம் கொடுத்து வருகையை 25 விழுக்காடு கூட்டினால் 12,500 பேர் வருவார்கள், 150 பேர் வாங்குவார்கள். பொருள் பக்கத்தைச் சீர்செய்து, கார்ட்டில் போடுபவர்களை 500 லிருந்து 625 ஆக்கினாலும் கடைசியில் 150 தான். செக்அவுட்டில் நுழையும் 300 பேரில் இப்போது 40 விழுக்காடு பேர் பணம் கட்டுகிறார்கள். அதை 50 விழுக்காடாக ஆக்கினாலும் அதே 150. எந்தப் படியை 25 விழுக்காடு உயர்த்தினாலும் விடை மாறுவதில்லை. ஆகவே எந்தப் படியை உயர்த்துவது சுலபம், எதற்குச் செலவு குறைவு, எது நிலைக்கும் என்பதை வைத்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

செக்அவுட் வரை வந்து திரும்பிப் போன அந்த 180 பேரைப் பற்றி யோசியுங்கள். பொருள் அவர்களுக்குப் பிடித்திருக்கிறது. விலையைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்திருக்கிறார்கள். முகவரியை அடிக்கக்கூடத் தொடங்கிவிட்டார்கள். அவர்களிடம் இனி எதையும் எடுத்துச் சொல்லி மனதை மாற்ற வேண்டியதில்லை. வழியில் கிடக்கும் கல்லை எடுத்தால் போதும். கல்லை ஒருமுறை எடுத்துவிட்டால் அடுத்த மாதமும் அதற்கடுத்த மாதமும் வழி சீராகவே இருக்கும். விளம்பரமோ பணம் நின்ற அன்றே நின்றுவிடும். அதோடு, விளம்பரத்தால் புதிதாக வருபவர்கள் தாமாகத் தேடி வந்தவர்கள் அளவுக்கு வாங்கும் எண்ணத்தோடு வருவது அரிது. எனவே 25 விழுக்காடு கூடுதல் வருகையில் 150 என்பதே கொஞ்சம் தாராளமான கணக்கு.

பணம் கட்டும் பக்கம்

கார்ட்டில் போட்டுவிட்டு வாங்காமல் போவது எந்த ஒரு தளத்துக்கும் தனியாக வந்த நோய் இல்லை. பேமார்ட் இன்ஸ்டிட்யூட் என்ற ஆய்வு நிறுவனம் பல ஆய்வுகளைத் தொகுத்துக் கணக்கிட்டு வரும் சராசரி சுமார் 70 விழுக்காடு. பத்துப் பேர் கார்ட்டில் போட்டால் ஏழு பேர் விட்டுவிட்டுப் போகிறார்கள். இதில் பெரும் பகுதியினர் சும்மா விலையைக் கூட்டிப் பார்த்தவர்கள், பிறகு வாங்கலாம் என்று ஒதுக்கி வைத்தவர்கள். அவர்களை எதுவும் செய்ய முடியாது. மீதமுள்ளவர்கள் சொல்லும் காரணங்களில் எப்போதும் முதலில் நிற்பது, கடைசி நேரத்தில் தலைகாட்டும் டெலிவரிக் கட்டணமும் வரியும். அடுத்தடுத்து வருபவற்றில் முக்கியமானது, கணக்கு தொடங்கச் சொல்லிக் கட்டாயப்படுத்துவது.

இந்தக் கட்டாயக் கணக்கு எவ்வளவு பெரிய தடை என்பதற்கு, தளங்களை மக்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று ஆராயும் ஜாரெட் ஸ்பூல் 2009 இல் எழுதிய ஒரு நிகழ்வை இன்றும் சொல்கிறார்கள். பெரிய இணைய விற்பனைத் தளம் ஒன்று. கார்ட்டுக்கும் பணம் கட்டும் பக்கத்துக்கும் நடுவில் ஒரு சின்ன ஃபார்ம் இருந்தது. மின்னஞ்சல், கடவுச்சொல் என இரண்டு கட்டங்கள். லாகின், ரெஜிஸ்டர் என இரண்டு பட்டன்கள். கடவுச்சொல் மறந்துவிட்டதா என்று ஓர் இணைப்பு. அவ்வளவுதான். முதல்முறை வந்தவர்களுக்கு ரெஜிஸ்டர் என்ற சொல்லே எரிச்சலைக் கொடுத்தது. பழைய வாடிக்கையாளர்களுக்காவது உதவியதா என்றால் அதுவும் இல்லை. எந்த மின்னஞ்சலைக் கொடுத்தோம் என்பதே பலருக்கு நினைவில்லை. வாடிக்கையாளர்களில் 45 விழுக்காட்டினர் ஒன்றுக்கு மேற்பட்ட கணக்குகளை வைத்திருந்தார்கள். நாளொன்றுக்கு 1,60,000 பேர் கடவுச்சொல்லைக் கேட்டார்கள். கேட்டவர்களில் முக்கால்வாசிப் பேர் அதன்பிறகு வாங்கவே முயலவில்லை. ரெஜிஸ்டர் பட்டனை எடுத்துவிட்டு 'தொடரவும்' என்ற பட்டனை வைத்தார்கள்; வாங்குவதற்குக் கணக்கு தேவையில்லை என்று ஒரு வரியைப் பக்கத்தில் எழுதினார்கள். வாங்கி முடித்தவர்கள் 45 விழுக்காடு கூடினார்கள். முதல் ஆண்டில் கிடைத்த கூடுதல் விற்பனை 30 கோடி டாலர்.

இதை எல்லாத் தளத்துக்கும் பொருந்தும் மந்திரமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்தத் தளத்தில் ஏற்கெனவே ஏராளமானவர்கள் அந்த இடம் வரை வந்துகொண்டிருந்தார்கள். ஆனால் பணத்துக்கு மிக அருகில் இருக்கும் தடை எவ்வளவு விலை உயர்ந்தது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. அமேசான் ஒரே கிளிக்கில் வாங்கும் முறைக்கு 1997 இல் காப்புரிமை கேட்டு, 1999 இல் பெற்று, 2017 இல் அது காலாவதியாகும் வரை காத்துவந்ததும் இந்தக் கடைசிப் படியின் மதிப்பை அறிந்துதான். ஆப்பிள் 2000 இல் அதே முறைக்கு உரிமம் வாங்கியது.

உங்கள் தளத்தில் இந்தக் கல் எங்கே கிடக்கிறது என்று பார்க்க, விலை குறைந்த, திரை சிறிய போன் ஒன்றை எடுத்து, வேகம் குறைந்த இணைப்பில், நீங்களே உங்கள் பொருளைப் பணம் கட்டி வாங்குங்கள். கணினியில் வேண்டாம், அலுவலக வைஃபையிலும் வேண்டாம். அஞ்சல் குறியீட்டுக் கட்டத்தைத் தொடுகிறீர்கள். எண் விசைகள் வர வேண்டிய இடத்தில் எழுத்து விசைகள் வருகின்றன. கார்டில் அச்சிட்டிருப்பதைப் போலவே எண்ணை நான்கு நான்காகப் பிரித்து அடிக்கிறீர்கள். இடைவெளி கூடாது என்று சிவப்பில் எழுதுகிறது. பெயர் கட்டத்தில் குடும்பப்பெயர் கட்டாயம் என்கிறது. ஒற்றைப் பெயர் கொண்டவர்கள் உலகமெங்கும் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள், அவர்கள் அங்கே எதை எழுதுவார்கள்? ஓடிபி வருகிறது. அதைப் பார்க்க மெசேஜுக்குப் போய்விட்டுத் திரும்பினால் பக்கம் மறுபடி லோடாகி, நிரப்பிய கட்டங்கள் எல்லாம் காலியாகக் கிடக்கின்றன. இந்த இடத்தில் போனைக் கீழே வைத்துவிட்டுப் போகிறவர் திரும்பி வரமாட்டார். புள்ளிவிவரத்தில் அவர் வெறும் 'கார்ட்டை விட்டுச் சென்றவர்' என்றுதான் பதிவாவார்.

இவை ஒவ்வொன்றும் ஒரு புரோகிராமருக்கு அரை நாள், ஒரு நாள் வேலை. கூப்பன் கட்டமும் இந்த வகைதான். பணம் கட்டும் பக்கத்தில் பெரிதாக ஒரு காலிக் கட்டம் இருந்து, அதில் கூப்பன் குறியீட்டை இடுக என்று எழுதியிருந்தால், கூப்பன் இல்லாதவர் என்ன நினைப்பார்? வேறு யாருக்கோ குறைவாகக் கிடைக்கிறது என்று நினைப்பார். தளத்தை விட்டு வெளியே போய்க் கூப்பனைத் தேடுவார். போனவர்களில் எத்தனை பேர் திரும்புவார்களோ! அந்தக் கட்டத்தை ஒரு சின்ன இணைப்புக்குள் மடித்து வைத்தாலே போதும். டெலிவரிக் கட்டணத்தைப் பொருள் பக்கத்திலேயே காட்டுவதும் அப்படித்தான். கட்டணத்தைக் கேட்டு விலகுபவர் கொஞ்சம் முன்னாலேயே விலகுவார், அவ்வளவுதான். மற்றவர்கள் கடைசியில் ஏமாற்றப்பட்டதாக உணரமாட்டார்கள். ஆப்பிள் பே, கூகுள் பே போல முகவரியையும் கார்டையும் ஏற்கெனவே நினைவில் வைத்திருக்கும் வாலட்களைச் சேர்த்தால், மேலே சொன்ன கட்டங்களில் பாதியை நிரப்பவே தேவையிருக்காது.

பொருள் பக்கம்

ஒரு படி பின்னால் வந்தால் பொருள் பக்கம். இங்கே வேலை வேறு மாதிரி. வந்தவருக்கு இன்னும் மனம் முடிவாகவில்லை. தடையை எடுப்பதோடு, அவர் மனதில் இருக்கும் கேள்விக்குப் பதிலும் சொல்ல வேண்டும். அதனால்தான் இதை இரண்டாவதாக வைக்கிறேன். பலன் பெரிதாக இருக்கலாம், ஆனால் எது பலிக்கும் என்று முன்கூட்டியே சொல்வது கடினம்.

பக்கம் திறக்கும் வேகத்தைப் பற்றி அதிகம் விவாதிக்க ஒன்றுமில்லை. போனில் ஒரு பக்கம் திறக்க மூன்று விநாடிக்கு மேல் ஆனால் பாதிக்கு மேற்பட்ட வருகைகள் அங்கேயே முறிந்துவிடுகின்றன என்று கூகுள் 2016 இல் வெளியிட்டது. இப்போது அது வைத்திருக்கும் அளவுகோல், பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும் என்பது. படங்களைச் சுருக்குங்கள், யாரும் பார்க்காத பழைய கண்காணிப்பு நிரல்களை நீக்குங்கள். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்.

எழுத்துதான் பெரிய வேலை. எதை எழுதுவது என்று விளம்பர எழுத்தாளரிடம் கேட்பதற்கு முன்னால், உங்கள் வாடிக்கையாளர் சேவைக்கு வந்த கடைசி நூறு கேள்விகளைப் படியுங்கள். எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல மூலம் வேறில்லை. இது என் அளவுக்குப் பொருந்துமா, எத்தனை நாளில் வரும், பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்பச் செலவு யாருடையது, இதற்கும் அடுத்த மாடலுக்கும் என்ன வித்தியாசம் என்று நான்கைந்து கேள்விகளே திரும்பத் திரும்ப வந்திருக்கும். கேட்டுவிட்டு வாங்கியவர்களின் பின்னால், கேட்காமலேயே போனவர்கள் பல மடங்கு இருக்கிறார்கள். 'தரத்தில் சமரசமில்லை' என்ற வரியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் இந்தக் கேள்விகளுக்கு நேரான பதிலை எழுதுங்கள்.

ரிவியூக்களுக்கு இந்தப் பக்கத்தில் தனி இடம் உண்டு. நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் ஸ்பீகல் ஆய்வு மையம் 2017 இல் வெளியிட்ட ஆய்வின்படி, ரிவியூவே இல்லாத பொருளைவிட ஐந்து ரிவியூக்கள் உள்ள பொருளை வாங்கும் வாய்ப்பு 270 விழுக்காடு அதிகம். அதே ஆய்வில் இன்னொன்றும் இருக்கிறது. சராசரி மதிப்பெண் 4.0 முதல் 4.7 வரை இருக்கும்போதுதான் வாங்கும் வாய்ப்பு உச்சத்தில் இருக்கிறது. 5 ஐ நெருங்க நெருங்க அது குறைகிறது. எல்லாமே ஐந்து நட்சத்திரம் என்றால் மக்கள் நம்புவதில்லை. எனவே குறை சொல்லும் ரிவியூவை அழிக்காதீர்கள், கீழே பணிவாகப் பதில் எழுதுங்கள். ஆயிரம் ரிவியூ வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். ஒவ்வொரு பொருளுக்கும் முதல் ஐந்தைச் சேர்ப்பதில்தான் முழு முயற்சியும் போக வேண்டும்.

தள்ளுபடியும் பாப்அப்பும்

உடனே பலன் தெரிவது தள்ளுபடிதான். அதனால்தான் அது ஆபத்தானது. 100 க்கு விற்கும் பொருளில் 30 லாபம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 விழுக்காடு தள்ளுபடி கொடுத்தால் லாபம் 20 ஆகிவிடும். முன்பு கிடைத்த அதே மொத்த லாபத்தை எடுக்கவே ஒன்றரை மடங்கு விற்க வேண்டும். நம் கணக்கில் 120 பேர் வாங்கிய இடத்தில் 180 பேர் வாங்க வேண்டும், அதுவும் புதிதாக ஒரு காசுகூடக் கூடுதலாகச் சம்பாதிக்காமல். செக்அவுட்டைச் சரிசெய்து கிடைக்கும் 150 பேர் முழு விலை கொடுக்கிறார்கள். அதோடு, தள்ளுபடிக்குப் பழகியவர் அடுத்த தள்ளுபடி வரும்வரை வாங்கமாட்டார்.

பக்கம் திறந்த மறு விநாடியே முகத்தில் வந்து நிற்கும் பாப்அப்பையும் நான் பரிந்துரைக்கமாட்டேன். போனில் உள்ளடக்கத்தை மறைக்கும் பாப்அப் உள்ள பக்கங்களைத் தேடல் முடிவுகளில் பின்னுக்குத் தள்ளுவோம் என்று கூகுள் அறிவித்து, 2017 ஜனவரி 10 முதல் நடைமுறைப்படுத்தியது. இன்னும் மோசமானவை, பூஜ்ஜியத்தைத் தொட்டதும் மறுபடி முதலிலிருந்து ஓடும் போலிக் கவுன்ட்டவுன், இல்லாத கூட்டத்தைக் காட்டும் 'இப்போது 14 பேர் பார்க்கிறார்கள்' போன்றவை. பயனர் அனுபவ வடிவமைப்பாளர் ஹாரி பிரிக்னல் 2010 இல், ஆட்களை ஏமாற்றும் இத்தகைய வடிவமைப்புகளுக்கு டார்க் பேட்டர்ன் என்று பெயர் வைத்தார். கூடுதல் கட்டணத்துக்கான டிக்கை நிறுவனமே முன்கூட்டிப் போட்டு வைப்பது ஐரோப்பிய ஒன்றியத்தில் சட்டப்படி செல்லாது. பிரைம் சந்தாவில் வாடிக்கையாளர்களைச் சம்மதமின்றிச் சேர்த்ததாகவும், விலகுவதைக் கடினமாக்கியதாகவும் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் தொடுத்த வழக்கை அமேசான் 2025 இல் 250 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. சட்டம் தொடாத சின்ன நிறுவனம் என்றாலும், ஏமாந்துவிட்டோம் என்று உணர்ந்த ஒருவர் அதைப் பத்துப் பேரிடம் சொல்வார். மற்றவரின் அவசரத்தையும் அறியாமையையும் வைத்துப் பணம் பண்ணுவதை ஒரு வழியாக நான் பட்டியலில் சேர்க்கவே விரும்பவில்லை.

போனவர்களைத் திரும்ப அழைப்பது

இதில் இரண்டு வழிகள். கார்ட்டில் விட்டுவிட்டுப் போனவருக்கு மின்னஞ்சல் அனுப்புவது ஒன்று. வேறு தளங்களில் அவர் உலவும்போது உங்கள் விளம்பரத்தைக் காட்டும் ரீடார்கெட்டிங் மற்றொன்று. இரண்டில் ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் மின்னஞ்சலைத் தேர்ந்தெடுங்கள். முகவரி உங்கள் கையில் இருக்கிறது, அனுப்பும் செலவு மிகக் குறைவு, அவரே விருப்பப்பட்டுக் கொடுத்த தொடர்பு அது. சில மணி நேரத்துக்குள் ஒன்று, மறுநாள் ஒன்று, அதோடு நிறுத்திவிட வேண்டும். கார்ட் அப்படியே திறக்கும் இணைப்பு அதில் இருக்க வேண்டும். முதல் மின்னஞ்சலிலேயே தள்ளுபடி கொடுத்தால், வேண்டுமென்றே கார்ட்டில் விட்டுவிட்டுக் காத்திருக்க நீங்களே ஆட்களைப் பழக்கியதாகிவிடும். ரீடார்கெட்டிங்கோ முன்பு இருந்த அளவுக்கு இப்போது இல்லை. ஒருவரைத் தளம் தளமாகப் பின்தொடர உதவும் மூன்றாம் தரப்புக் குக்கீகளை ஆப்பிளின் சஃபாரி உலாவி 2020 இல் முழுவதுமாகத் தடுத்தது. 2021 இல் ஐபோன் செயலிகள் பின்தொடர அனுமதி கேட்டாக வேண்டும் என்று ஆப்பிள் விதித்தது. அப்புறம் யாரை எவ்வளவு அழைத்தோம், யார் திரும்பினார்கள் என்று அளப்பதே சிரமமாகிவிட்டது.

செக்அவுட்டே இல்லாத தளங்களுக்கு இந்தப் பகுதிதான் முதலிடம். கட்டட வேலை, ஆலோசனை, நிறுவனங்களுக்கான மென்பொருள் போன்றவற்றை யாரும் கார்ட்டில் போட்டு வாங்குவதில்லை. ஃபார்மை நிரப்பிவிட்டு அழைப்புக்குக் காத்திருக்கிறார்கள். அங்கே 'பணம் கட்டும் பக்கம்' என்பது உங்கள் தொலைபேசிதான். ஹார்வர்டு பிசினஸ் ரிவியூவில் 2011 இல் வந்த ஓர் ஆய்வு 2,241 அமெரிக்க நிறுவனங்களைச் சோதித்துப் பார்த்தது. ஒரு மணி நேரத்துக்குள் பதில் கொடுத்தவை 37 விழுக்காடு. பதிலே கொடுக்காதவை 23 விழுக்காடு. ஒரு மணி நேரத்துக்குள் தொடர்பு கொண்ட நிறுவனங்களுக்கு, இன்னும் ஒரு மணி நேரம் தாமதித்தவர்களைவிட, முடிவெடுக்கக்கூடிய ஆளோடு உருப்படியாகப் பேசும் வாய்ப்பு ஏறக்குறைய ஏழு மடங்கு அதிகமாக இருந்தது. அப்படிப்பட்ட தளத்தில் பட்டனின் நிறத்தைப் பற்றி ஒரு மாதம் விவாதிப்பதைவிட, வரும் விசாரணைக்கு யார் எந்த நேரத்தில் பதில் சொல்வது என்று ஒரு முறைப்பட்டியல் போடுவது எவ்வளவோ மேல்.

எது பலித்தது என்று எப்படி அறிவது?

ஏ/பி டெஸ்ட் பற்றிப் பேசாமல் இந்த விஷயம் முடியாது. பழைய பக்கத்தைப் பாதிப் பேருக்கும் புதிய பக்கத்தைப் பாதிப் பேருக்கும் காட்டி ஒப்பிடுவது நல்ல முறைதான், சந்தேகமில்லை. நம் ஊகத்தை அப்படியே நம்ப முடியாது என்பதற்குச் சான்றுகள் நிறைய. 2008 அமெரிக்கத் தேர்தலுக்கான ஒபாமா பிரச்சாரத் தளத்தில் படங்கள், வீடியோக்கள், பட்டன் சொற்கள் என்று 24 சேர்க்கைகளைச் சோதித்தார்கள். வீடியோதான் வெல்லும் என்று குழுவினர் எதிர்பார்த்தார்கள்; எந்த வீடியோவும் எந்தப் படத்தையும் வெல்லவில்லை. குடும்பப் படமும் 'மேலும் அறிய' என்ற பட்டனும் சேர்ந்து, பதிவு செய்வோரை 8.26 விழுக்காட்டிலிருந்து 11.6 ஆக உயர்த்தின. மைக்ரோசாஃப்டில் பல ஆண்டுகள் இத்தகைய சோதனைகளை நடத்திய ரான் கோஹாவி சொல்வது இன்னும் தெளிவு. நன்றாக யோசித்துச் செய்த மாற்றங்களிலேயே மூன்றில் ஒரு பங்குதான் நினைத்த அளவை உயர்த்தின. ஒரு பங்கு எந்த வித்தியாசத்தையும் தரவில்லை. ஒரு பங்கு கெடுத்தது.

ஆனால் அவர்களிடம் இருந்த கூட்டம் உங்களிடம் இருக்கிறதா? அதற்கு ஒரு தோராய வாய்பாடு உண்டு. இப்போது வாங்குவோரின் விகிதத்தை வாங்காதோரின் விகிதத்தால் பெருக்கி, அதை 16 ஆல் பெருக்கி, நீங்கள் கண்டுபிடிக்க நினைக்கும் வித்தியாசத்தின் வர்க்கத்தால் வகுத்தால், ஒவ்வொரு வடிவத்துக்கும் எத்தனை பேர் வேண்டும் என்று கிடைக்கும். நம் தளத்தில் 1.2 விழுக்காடு 1.5 ஆகிறதா என்று முகப்புப் பக்கத்தில் சோதிக்க வேண்டுமானால், வடிவத்துக்குச் சுமார் 21,000 பேர், இரண்டுக்கும் 42,000 பேர். நான்கு மாதத்துக்கு மேல் ஆகும். மாதம் 1,000 பேர் வரும் தளமாக இருந்தால் மூன்றரை ஆண்டு! அதே சோதனையைச் செக்அவுட்டில் மட்டும் நடத்தி, 40 விழுக்காடு 50 ஆகிறதா என்று பார்த்தால், வடிவத்துக்கு 384 பேர் போதும். இரண்டரை மாதத்தில் விடை தெரிந்துவிடும். பணத்துக்கு அருகில் தொடங்குவதற்கு இது இன்னொரு காரணம். நடுவில் எட்டிப் பார்த்து, முன்னிலை தெரிந்ததும் சோதனையை நிறுத்திவிடாதீர்கள். அப்படி நிறுத்தினால் தற்செயலாக வந்த ஏற்றத்தையும் வெற்றி என்று எடுத்துக்கொள்ள நேரும்.

கூட்டம் குறைவான தளத்துக்கு அருமையான மாற்று ஒன்று இருக்கிறது. ஐந்து பேரை உட்காரவைத்து, வாங்கச் சொல்லி, பேசாமல் பக்கத்தில் இருந்து பாருங்கள். பயன்பாட்டு எளிமை வல்லுநர் ஜேக்கப் நீல்சன் 2000 இல் எழுதிய கணக்குப்படி, ஒரு குறை சராசரியாக 31 விழுக்காடு பேரின் கண்ணில் படும் என்றால், ஐந்து பேரிலேயே சுமார் 85 விழுக்காடு குறைகள் வெளிவந்துவிடும். எவ்வளவு விற்பனை கூடும் என்று இது சொல்லாது. எந்த இடத்தில் சிக்குகிறார்கள் என்று காட்டும், சின்னத் தளத்துக்கு அது போதும். உதவி செய்ய வாயைத் திறக்காமல் இருப்பதுதான் இதில் கடினமான பகுதி. நேரில் ஆள் கிடைக்காவிட்டால், வருபவர்களின் திரை அசைவைப் பதிவு செய்யும் மைக்ரோசாஃப்ட் கிளாரிட்டி போன்ற இலவசக் கருவிகள் இருக்கின்றன. கார்டு எண், கடவுச்சொல் போன்றவை பதிவில் மறைக்கப்படுகின்றனவா என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

எந்தத் தளம் எதை எடுப்பது?

மாதம் சில ஆயிரம் பேர் வரும் தளம் என்றால், இந்த மாதத்தைச் செக்அவுட்டுக்கும் ஐந்து பேரைக் கவனிப்பதற்கும் கொடுங்கள். அடுத்த மாதம் பொருள் பக்கமும் முதல் ஐந்து ரிவியூக்களும். டெஸ்ட் கருவிகளுக்குச் சந்தா கட்ட வேண்டாம். லட்சக்கணக்கில் வரும் தளமாக இருந்தால் ஒவ்வொரு மாற்றத்தையும் சோதித்துத்தான் வெளியிட வேண்டும்; ஊகத்தில் விட்டால் இழப்பு பெரிது. சேவை விற்பவர்கள் தொலைபேசியிலிருந்து தொடங்கட்டும்.

வரிசையை மீற வேண்டிய நிலையும் ஒன்று உண்டு. மாதம் நூறு, இருநூறு பேர்கூட வராத புதிய தளம். அங்கே சரிசெய்து பார்க்கவே ஆள் இல்லை. கொஞ்சம் விளம்பரம் கொடுத்து ஆட்களை வரவழைத்து, அவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்று தெரிந்துகொள்வதற்காகச் செலவழிக்கலாம். அதை விற்பனைச் செலவாகக் கருதாமல், தகவல் வாங்கும் செலவாக வைத்துக்கொள்ளுங்கள்.

மற்றவர்களுக்கு விளம்பரம் கடைசியில் வந்தாலும், அப்போது அதன் பொருளே மாறிவிடும். நம் தளத்தில் முதலில் 10,000 பேருக்கு 120 பேர் வாங்கினார்கள். வந்த ஒவ்வொருவரையும் விளம்பரக் கிளிக்காகக் கருதினால், ஒரு வாடிக்கையாளருக்கு 83 கிளிக்கின் விலை. செக்அவுட்டும் பொருள் பக்கமும் தலா 25 விழுக்காடு உயர்ந்தால் 187 பேர் வாங்குவார்கள். அதே வாடிக்கையாளருக்கு 53 கிளிக்குகள் போதும். அதுவரை கட்டுப்படியாகாது என்று விட்டுவைத்த தேடல் சொற்களுக்கும் அந்த நிலையில் விளம்பரம் கொடுக்க முடியும்.